வியாழனின் பனிமதிகளும் நம் மாணவரும்

வான சாஸ்திரத்தில் மனம் பற்றிய மாணவருக்கு இக்காலம்போல் நற்காலம் முன்னர் வாய்த்ததில்லை என்பது நம் துணிபு. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஐரோப்பிய நாட்டினர் 'ஜூஸ்' என்னும் விண்கலத்தை வியாழக் கிரகத்தை நோக்கி ஏவினர். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் அமெரிக்கர் 'யூரோப்பா கிளிப்பர்' என்னும் மற்றொரு கலத்தை அதே கிரகத்தை நோக்கி விடுத்தனர். பின்னர்ப் புறப்பட்ட அமெரிக்கக் கலம் 2030 ஏப்ரலிலும், முன்னர்ப் புறப்பட்ட ஐரோப்பியக் கலம் 2031 ஜூலையிலும் வியாழனைச் சென்றடையும் எனக் கணித்திருக்கின்றனர். வியாழனைச் சுற்றிவரும் பனி போர்த்த மதிகளை ஆராய்தலே இவ்விரண்டின் தலையாய நோக்கமாகும். அவ்வாராய்ச்சியில் நம் கல்லூரி மாணவர்க்குப் பங்கு உண்டா, உண்டெனின் அதற்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்பனவற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

முதற்கண் அம்மதிகள் எத்தன்மையன என்பதைச் சிறிது கூறுவோம். 1610ஆம் ஆண்டு ஜனவரியில் கலிலியோ தம் சிறு தொலைநோக்கியால் கண்ட நான்கு மதிகளுள் அயோ எரிமலைகள் நிறைந்தது. யூரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ என்னும் ஏனைய மூன்றும் நீர் உறைந்த பனிக்கட்டியை மேலோடாக உடையன. கனிமீட்டின் விட்டம் 5,268 கிலோமீட்டர். அஃதாவது புதன் கிரகத்தினும் அது பெரிது. யூரோப்பா நம் சந்திரனினும் சற்றுச் சிறியது. எனினும் அதன் பனி ஓட்டின்கீழ் உள்ள உப்புக்கடலில், பூமியின் கடல்களெல்லாம் சேர்ந்து கொள்ளும் நீரைப்போல் இருமடங்கு நீர் இருத்தல் கூடும் என அறிஞர் கருதுகின்றனர். கதிரவனிடமிருந்து சுமார் 78 கோடிக் கிலோமீட்டர் தொலைவில், சுழியத்துக்கும் கீழே 160 பாகை அளவான கடுங்குளிரில், நீர் உறையாதிருப்பது எங்ஙனம்? யூரோப்பா வியாழனை நெருங்கியும் சற்று விலகியும் சுற்றுகின்றது. அதனால் வியாழனின் ஈர்ப்பு அதன் உடலை ஓயாது பிசைந்து உள்ளே வெப்பத்தை உண்டாக்குகின்றது. நீரும் வெப்பமும் உள்ளவிடத்து உயிர் தோன்றுதற்கு இடமுண்டோ என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இது.

இனி, காலக்கணக்கு ஒன்றை வாசகர் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். ஐரோப்பியர் தம் பயணத்தை 2012ஆம் ஆண்டிலேயே தேர்ந்தெடுத்தனர். அக்கலம் 2034ஆம் ஆண்டின் இறுதியில் கனிமீட்டைச் சுற்றத் தொடங்கும் என்பது திட்டம். அன்று நாற்பது வயதினராயிருந்து திட்டம் வகுத்த அறிஞர், கனிமீட்டின் செய்தி வந்து சேரும்போது அறுபதைக் கடந்திருப்பர். ஆகவே விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்பது இத்துறையின் இயற்கை. இதனை நன்குணர்ந்தே அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார், கல்லூரி மாணவர் தம் ஆராய்ச்சிக் குழுக்களின் கூட்டங்களில் உடனிருந்து கவனிப்பதற்கு வழி செய்திருக்கின்றனர். வாதம் எவ்வாறு நடக்கின்றது, கருத்து வேறுபாடு எவ்வாறு தீர்க்கப்படுகின்றது என்பதை அம்மாணவர் நேரே காண்கின்றனர். இன்று நம் கல்லூரியில் முதலாண்டு பௌதிகம் பயிலும் பதினெட்டு வயது மாணவன், கனிமீட்டின் செய்தி வருங்கால் முப்பதை எட்டாத இளம் விஞ்ஞானியாய் இருக்கக்கூடும். அதனை ஆராய்தற்கு ஏற்ற பருவம் அதுவே. அப்பருவத்தில் அவன் ஆயத்தமாயிருப்பானா என்பதே கேள்வி.

"இவையெல்லாம் பாசடினாவிலும் பாரிஸிலும் நடப்பன, மதுரைக்கும் இவற்றுக்கும் என்ன உறவு?" என்று சிலர் நகைக்கலாம். உறவு பழையது என்பதே நம் விடை. சென்னை வானாராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராய்ப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், 1867ஆம் ஆண்டிலேயே ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874 டிசம்பர் 9ஆம் நாள் சுக்கிரன் கதிரவன் வட்டத்தைக் கடந்தபோது, அந்நிகழ்ச்சியைப் பொதுமக்கள் அறியும்வண்ணம் நூல் எழுதி, இந்திய மொழிகளிலும் அதனை வெளியிட்டார். நம் மதுரைச் சமவெளியின் வடமேற்கே நிற்கும் பழனி மலையில், கோடைக்கானலில், 1899ஆம் ஆண்டில் கதிரவனை ஆராயும் கூடம் அமைந்தது. அதனை நிறுவிய மிக்கி ஸ்மித் என்பார் முன்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராய் விளங்கியவர். மிஷன் கல்லூரி ஒன்றின் வகுப்பறையிலிருந்தே நம் நாட்டின் தலைசிறந்த வானாராய்ச்சிக் கூடங்களுள் ஒன்றுக்கு வழி பிறந்தது என்பதை நம் மாணவர் மறத்தலாகாது.

கனிமீட்டைப் பற்றியோவெனில், நமக்கு இன்னும் நெருங்கிய உரிமை உண்டு. 1960ஆம் ஆண்டில் கோடைக்கானல் கூடத்தின் தலைமையை ஏற்ற வேணு பாப்பு என்னும் பேரறிஞர், இரவு வானத்தை ஆராய்தற்கு ஏற்ற இடம் தேடி, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தெரிந்தெடுத்தார். கோடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பெற்ற 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியைக் கொண்டு 1968ஆம் ஆண்டில் அங்கே வேலை தொடங்கிற்று. 1972ஆம் ஆண்டில் ஒரு மீட்டர் விட்டமுள்ள ஜெர்மானியத் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள், மங்கலான விண்மீன் ஒன்றைக் கனிமீடு மறைத்துச் செல்லும் அரிய நிகழ்ச்சி நேர்ந்தது. காவலூரில் பட்டாச்சாரியா முதலியோரும், ஜாவாத் தீவில் பிறநாட்டு அறிஞரும் அதனை அளந்து பதிந்தனர்.

அவ்வளவையின் நுட்பம் யாவர்க்கும் விளங்குவதே. காற்றில்லாத உருண்டை ஒன்று விண்மீனை மறைக்குமாயின், விளக்கை ஊதி அணைத்தாற்போல விண்மீனின் ஒளி சட்டென மறையும். உருண்டையைச் சுற்றி வாயுமண்டலம் இருக்குமாயின், அவ்வொளி சிறுகச் சிறுகக் குன்றி மறையும். ஒளி மறைந்தும் மீண்டும் தோன்றியும் நிற்கும் கால இடைவெளியை அறிந்தால், உருண்டையின் விட்டத்தையும் கணக்கிடலாம். அன்றைய பதிவுகளில் ஒளி உடனே மறையவில்லை என்று தோன்றிற்று. ஆகவே கனிமீட்டுக்கு வாயுமண்டலம் உண்டென்றும், அதன் விட்டம் சுமார் 5,270 கிலோமீட்டர் என்றும் 1973ஆம் ஆண்டில் அவர்கள் உலகுக்கு அறிவித்தனர்.

பின்னர் நிகழ்ந்தது யாது? 1979ஆம் ஆண்டில் 'வாயேஜர் 1' என்னும் கலம் வியாழனை அணுகியபோது, வேறொரு விண்மீன் கனிமீட்டின் பின்னே மறைவதை அளந்தது. 1972இல் மதிப்பிட்டவாறு வாயு இருந்திருப்பின், அக்கருவி அதனைக் கண்டிருத்தல் வேண்டும், காணவில்லை. இருக்கும் வாயு, முன்னர் மதிப்பிட்டதனினும் பல்லாயிரம் மடங்கு குறைவே என்று தெளிவாயிற்று. 1990களில் 'ஹபிள்' தொலைநோக்கி, மிக மெல்லிய ஆக்ஸிஜன் படலம் ஒன்று அங்கே இருப்பதைக் காட்டியது. விட்டமோவெனில், காவலூர் அறிஞரும் அவர்தம் கூட்டாளிகளும் கண்ட அளவு, விண்கலங்கள் சென்று கண்ட அளவோடு பெரிதும் ஒத்து நின்றது. ஒரே இரவின் ஒரே பதிவிலிருந்து எடுத்த இரு முடிவுகளுள் ஒன்று நிலைத்தது. மற்றொன்று திருத்தம் பெற்றது.

இதற்கு ஒப்பான செய்தி இன்னொன்றும் உண்டு. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கிரகம் விண்மீன் ஒன்றன் அருகே சென்றபோது, காவலூரில் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் அவ்விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தனர். கிரகம் மறையாத வேளையில் ஒளி சிறிது நேரம் குன்றி மீண்டது. அது யுரேனஸின் புதிய மதியாதல் வேண்டும் என்று அவர்கள் கருதி எழுதினர். அதே இரவில் விமானத்தில் ஏற்றிய தொலைநோக்கி கொண்டு ஆராய்ந்த அமெரிக்கர், கிரகத்தின் இருபுறத்தும் அத்தகைய மங்கல்கள் ஒத்த முறையில் நிகழ்ந்ததைக் கண்டனர். அவை மதி அல்ல, கிரகத்தைச் சூழ்ந்த வளையங்கள் என்பது அதனால் புலப்பட்டது. காவலூர்ப் பதிவும் அவ்வளையங்களுக்குச் சான்றாய் நின்றது. பெயரிட்டதில் பிழை நேர்ந்தது. பதிவில் பிழை இல்லை.

நம் கருத்தின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. காவலூர் அறிஞர், தாம் எதிர்பாராத அந்தச் சிறு மங்கலை, "மேகம் குறுக்கிட்டிருக்கும், கருவி தவறியிருக்கும்" என்று துடைத்து எறிந்திருப்பின், அந்நாளின் வரலாற்றில் அவர்க்கு இடம் இல்லை. கண்டதைக் கண்டவாறே பதிந்தனர். பதிந்ததைத் தக்க காரணத்தோடு வெளியிட்டனர். மேலான சான்று வந்தபோது அது நிலைபெற இடம் தந்தனர். பனிமதிகளை ஆராயப் புகும் இளைஞருக்கு வேண்டிய முதற் பயிற்சி இதுவே. கணிதமும் கணிப்பொறியும் பின்னர் வரும். அவற்றைக் கற்பிக்க நூல்கள் உண்டு, நிலையங்களும் உண்டு. கண்டதை மறைக்காத கையோ, இளமையில் பழகினாலன்றி வாராது.

இனி, நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றின் சோதனைச்சாலைகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். புவியீர்ப்பின் அளவை ஊசலைக் கொண்டு காண்பது ஒரு சோதனை. வரவேண்டிய விடை பாடநூலில் அச்சாகியிருக்கின்றது. மாணவனுக்கு வந்த விடை அதனோடு ஒவ்வாதாயின், ஏன் ஒவ்வவில்லை என்று அவன் ஆராய்வதில்லை. இரண்டோர் எண்களை மாற்றி விடையைச் சீராக்குகின்றான். முன் ஆண்டு மாணவரின் ரிக்கார்டு நோட்டு கைமாறி வருவதும் உண்டு. அழகிய கையெழுத்துக்கும் ஒத்த விடைக்கும் மதிப்பெண் கிடைக்கின்றது. உண்மையான அளவுக்குக் கிடைப்பதில்லை. இக்குற்றத்தை மாணவர்மேல் மட்டும் சுமத்துதல் நீதியன்று. எதற்கு மதிப்பெண்ணோ அதனையே மாணவர் செய்வர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். பொய் எழுதிய ஏட்டுச் சுரைக்காயோ, கறிக்கு உதவாமையோடு சமைப்பவனின் நாவையும் கெடுத்துவிடும். கனிமீட்டின் பனியைப்பற்றி எந்தப் பாடநூலிலும் விடை அச்சாகவில்லை. விடையைப் பார்த்து அளவை எழுதிப் பழகியவன், விடையே இல்லாத இடத்தில் என் செய்வான்?

நம் கருத்துக்கு இரு மறுப்புகள் எழக்கூடும். முதல் மறுப்பு வலியது. ஆதலின் அதனைத் தட்டிக் கழித்தல் ஆகாது. "வைகை ஆண்டின் பல மாதம் மணலாய்க் கிடக்கின்றது, கண்மாய்கள் வற்றிக் கருவேல் மண்டிக் கிடக்கின்றன. கிணறு வெட்டுபவன் நீரைக் காணாது கடன்படுகின்றான். இந்நிலத்துப் பிள்ளைகளுக்கு வியாழ மண்டலத்துக் கடல் எதற்கு? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசையா?" என்று கேட்பவர் உண்டு. அவர்தம் துயரம் மெய். அவர் கேட்பதும் முறையே.

ஆயினும், யூரோப்பாவின் கடல் எவ்வாறு அறியப்பட்டது என்பதை அவர் சிறிது செவிமடுப்பாராக. அக்கடலைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். வியாழனின் காந்தப்புலம் சாய்ந்து சுழல்வதால், யூரோப்பாவின்மேல் படும் காந்தவிசை முறையே மாறிக்கொண்டிருக்கின்றது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் இயல்புடையது. ஆதலின் அம்மாறுதலுக்கு எதிராக அது தானும் ஒரு காந்தப்புலத்தை எழுப்புகின்றது. 'கலிலியோ' விண்கலத்தின் காந்தமானி அப்புலத்தை அளந்தது. 1998ஆம் ஆண்டில் குரானா முதலிய அறிஞர் அதனைக்கொண்டு, பனியின்கீழ் உப்புக்கடல் இருத்தல் வேண்டும் என்று எழுதினர். நம் மதுரைச் சீமையின் கடும்பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்க்கும் பௌதிகவல்லுநர் செய்வது என்ன? நிலத்தில் இரும்பு முளைகளை அடித்து, மின்சாரம் செலுத்தி, எவ்விடத்தில் மின்தடை குறைகின்றது என்று அளக்கின்றனர். நீர் தோய்ந்த பாறைப் பிளவு மின்சாரத்தை எளிதிற் கடத்தும் என்பதே அதன் அடிப்படை. நூலும் கருவியும் வேறு, தத்துவம் ஒன்றே. இங்கும் அங்கும் காணாத நீரை மின்சாரத்தின் வாயிலாக உசாவுகின்றோம். இங்கும் அங்கும் அளவைப் பொய்யாய் எழுதுபவன் கேடு விளைக்கின்றான். அங்கே ஒரு கட்டுரை கெடும், இங்கே ஒரு குடியானவன் கெடுவான். எனவே பனிமதிக்கென்று நேர்மையாய்ப் பயிற்றப்பட்ட கண் கண்மாய்க்கும் உதவும் என்பது ஒருதலை. பனிமதி ஆராய்ச்சி கிராமத்துத் தாகத்தைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஒரே பயிற்சி இருவகை மாணவரையும் ஆக்கும் என்றே சொல்கின்றோம்.

இரண்டாம் மறுப்பு, வசதியைப் பற்றியது. "நம்மிடம் பெரிய தொலைநோக்கி இல்லை, விண்கலம் இல்லை, மாணவருட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரிப் படி ஏறியவர், ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிக்கவும் இடர்ப்படுபவர்." மெய்யே. ஆயினும் விண்கலங்கள் அனுப்பும் அளவைகள் சில காலத்துக்குப்பின் உலகத்தார் யாவரும் எடுத்து ஆராயும்படி பொதுவில் வைக்கப்படுகின்றன. 'கலிலியோ' கலம் 1997 டிசம்பரில் யூரோப்பாவின் அருகே பறந்தபோது பதிந்த அளவைகளை, இருபது ஆண்டுகளுக்குப்பின் அறிஞர் மீண்டும் எடுத்துப் பார்த்தனர். பனியைப் பிளந்து நீராவி பீறிட்டமைக்கான அடையாளம் அதனுள் இருப்பதாக 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புதிய கருவி அவர்க்கு வேண்டியிருக்கவில்லை. புதிய கண்ணே வேண்டியிருந்தது. குடும்பநிலையைப் பற்றியோவெனில், 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரனின் தென்பகுதியில் இறங்கிய சந்திரயான் 3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து இரயில்வேத் தொழிலாளர் ஒருவரின் மைந்தர். பாலிடெக்னிக் பள்ளியில் டிப்ளமா பயின்று தொடங்கியவர். இனி மேலும் சான்று வேண்டுமோ?

ஆதலின், நாம் செய்யத்தக்கன எனத் தோன்றும் சிலவற்றைக் கூறுகின்றோம்.

முதலாவது, ஆசிரியர்க்கு. ரிக்கார்டு நோட்டில், வந்த விடைக்கு இடும் மதிப்பெண்ணைக் குறைத்து, வந்த பிழைக்குக் காரணம் காட்டும் பகுதிக்கு இடும் மதிப்பெண்ணைப் பெருக்குக. அடித்து எழுதிய எண் கண்ணுக்குத் தெரியும்படி இருத்தல் வேண்டும். அழித்து எழுதுதல் கூடாது என்று விதிக்க. இதற்குப் பணம் வேண்டுவதில்லை, மனமே வேண்டும்.

இரண்டாவது, மாணவர்க்கு. வியாழனின் மதிகள் ஒன்றையொன்று மறைத்தலும், ஒன்றன் நிழல் மற்றொன்றின்மேல் வீழ்தலும் ஏறக்குறைய ஆறாண்டுக்கு ஒருமுறை வரும் பருவத்தில் நிகழ்கின்றன. 2015இலும் 2021இலும் அவ்வாறு நிகழ்ந்தன. 2026, 2027ஆம் ஆண்டுகளிலும் அத்தகைய பருவம் அமைகின்றது. ஒளி குன்றும் நேரத்தைத் துல்லியமாய்ப் பதிந்தால், அம்மதிகளின் பாதையைச் செவ்வையாய்க் கணிக்க அது துணை செய்யும். விண்கலங்களை வழிநடத்துவோர்க்கும் அத்தகைய கணிப்பு பயன்படுவதே. சிறு தொலைநோக்கியும், ஒளியை அளக்கும் ஒரு காமிராவும், பிழைபடாத கடிகாரமும் இருந்தால் போதும். நகரத்து விளக்கொளியிலும் வியாழன் மறைவதில்லை. யானைமலையின் அப்பால் இருள் சூழ்ந்த கிராமத்துப் பள்ளி மைதானம் ஒன்று கிடைப்பின் இன்னும் நலம். அவ்வூர்ச் சிறுவரும் உடன் காண்பர். இதனோடு, பொதுவில் கிடைக்கும் விண்கல அளவைகளைக் கூடிப் படிக்கும் மாணவர் குழு ஒன்றை அமைத்து, படித்ததை வாரம் ஒருமுறை தமிழில் எடுத்துரைக்கும் வழக்கமும் வேண்டும். தாய்மொழியில் விளக்கமாட்டாத ஒன்றை மாணவன் உள்ளபடி அறியவில்லை என்றே கொள்ளலாம்.

மூன்றாவது, பழைய மாணவர்க்கு. ஆண்டுதோறும் இருவர் அல்லது மூவரைக் கோடைக்கானலுக்கும் காவலூருக்கும் அனுப்பி, அங்குள்ளோர் வேலை செய்யும் முறையைச் சில நாள் உடனிருந்து காணச் செய்தல் வேண்டும். கடுங்குளிரில் பனிப்படலம் உண்டாக்கி அதனை ஆராயும் வேலை அகமதாபாத்துப் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தில் நடைபெறுகின்றது. ஆர்வமும் தகுதியும் உடைய ஒரு மாணவர் விடுமுறையில் அங்குச் சென்று பயில்வதற்கான வழிச்செலவும் பெருந்தொகையன்று. கட்டடத்திற் பெயர் பொறிக்கும் நன்கொடைகள் நம்மிடையே உண்டு; மாணவன் ஒருவனின் இரயில் சீட்டுக்கு ஈயும் நன்கொடை அவற்றினும் தாழ்ந்ததன்று.

பெரிய நாடுகள் பெரிய கலங்களை ஏவுக. அதனை நாம் அழுக்காறின்றிப் பாராட்டுவோம். அக்கலங்களின் செய்தி பூமிக்கு வந்து சேரும்போது, அதனைப் படிக்கும் உரிமை அவற்றை ஏவியவர்க்கு மட்டும் உரியதன்று. படிக்கத் தெரிந்தவர் யாவர்க்கும் உரியது. 2030ஆம் ஆண்டுக்கும் 2035ஆம் ஆண்டுக்கும் இடையே அச்செய்திகள் வந்துகொண்டிருக்கும். அதற்குள் நமக்குள்ளவை சில ஆண்டுகளே. வரும் பருவத்தின் முதற் சோதனையில், ஊசலை ஆட்டி நேரம் குறிக்கும் மாணவ நண்பர், தமக்கு வந்த எண் எதுவாயினும் அதனையே மையால் எழுதித் தம் பெயரைக் கீழே இடுவாராக. அவ்வெண்ணைத் திருத்தும்படி எந்த ஆசிரியரும் அவரை ஏவாதிருப்பாராக.